திரைப்படத்தின் மரண நோய்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், மலையடிவாரத்தை அடைவதற்கு முன்பாகவே, மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் பழைய நுழைவு வளைவு கண்ணில் படும். டி.ஆர். சுந்தரம் 1930களில் நிறுவிய அந்நிலையத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. அவ்வளைவைக் கடந்து, கொண்டையூசி வளைவுகள் இருபதில் ஏறினால் ஏற்காடு. அங்கிருந்து காப்பித் தோட்டங்களினூடே சென்றால் மஞ்சக்குட்டை. என் மூத்த சகோதரி அவ்வூரில் வாழ்க்கைப்பட்டவர். மச்சான் காப்பிக்கொட்டையும் மிளகும் வாங்கி விற்பவர்.

2017ஆம் ஆண்டு மே மாதம், ஷஅபான் பிறையில், அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். லுஹர் தொழுகைக்குப் பின் வீட்டில் வேறு எவரும் இல்லாத வேளையில் அக்கா என்னை அடுக்களைக்கு அழைத்தார். தம் மார்பில் ஒரு கட்டி இருப்பதாகவும், ஏழு மாதங்களாக அதை மச்சானிடம்கூடச் சொல்லவில்லை என்றும் கூறினார். மறைத்த காரணத்தைக் கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "படத்துல அந்த நோய் வந்தவங்க யாராச்சும் பொழச்சு வந்து நீ பாத்திருக்கியா, தம்பி?" என்று கேட்டார்.

அப்பொழுது அக்கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. இக்கட்டுரை அதற்கு விடை தேடும் முயற்சி. திரைப்படத்தைப் பற்றி ஓர் அரபிக் கல்லூரி ஆசிரியன் எழுதலாமா என்று சில வாசகர்கள் எண்ணக்கூடும். படம் பார்ப்பது குறித்து உலமாக்களிடையே நிலவும் கருத்துகளை ஆராய நான் இங்கே புகவில்லை. ஆனால், நாம் திரையரங்குக்குப் போகாவிட்டாலும் திரை நம் வீட்டுக் கூடத்துக்கு வந்து நாற்பதாண்டுகள் ஆகப்போகின்றன. நோயைப் பற்றியும் மரணத்தைப் பற்றியும் நம் தாய்மாரும் சகோதரிகளும் அதனிடமிருந்து கற்றுக்கொண்டிருப்பது என்ன என்பதை அறியாமலிருப்பது நமக்கு அழகன்று.

நோய்க்கு இட்ட பெயர்

அரபியில் இந்நோய்க்கு ‘சரத்தான்’ என்று பெயர். நண்டு என்பது அச்சொல்லின் பொருள். கிரேக்க மருத்துவர்கள் தம் மொழியில் நண்டின் பெயரையே இதற்கு வைத்தனர். அரபு மருத்துவ நூலோர் அதனைப் பொருள் மாறாமல் ஏற்றுக்கொண்டனர். நண்டு தன் இரையைப் பற்றிக்கொள்வதுபோல் உறுப்பைப் பற்றிக்கொள்வதாலோ, கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் நரம்புகள் நண்டின் கால்களைப் போலத் தோன்றுவதாலோ இப்பெயர் வந்திருக்கலாம் என்று இப்னு சீனா தம் ‘கானூன்’ நூலில் காரணம் கூறுகிறார். தமிழில் நாம் இதைப் புற்று என்கிறோம். கறையான் இரவோடிரவாக எழுப்பும் மண்மேடு அது. பாம்பு குடியிருக்கும் இடமென்று சிற்றூர் மக்கள் அதை விலகி நடப்பார்கள். நண்டு கண்ணுக்குத் தெரியும் பிராணி. அதைப் பிடுங்கி எறியலாம். புற்றோ உள்ளே இருப்பது யாதென்று காட்டாதது. பெயரிலேயே ஓர் அச்சம் குடிகொண்டுவிட்டது.

கிறித்துவ ஆண்டு ஆயிரத்தையொட்டி அந்தலூசியாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அல்-ஸஹ்ராவி, தம் ‘தஸ்ரீஃப்’ நூலில் இந்நோயைப் பற்றி எழுதியிருப்பது இன்றைய வாசகரை வியப்பில் ஆழ்த்தும். கட்டி சிறியதாகவும் தொடக்க நிலையிலும் மார்பகம் போன்று முழுவதும் அகற்றத்தக்க இடத்திலும் இருந்தால் அறுத்தெடுக்கலாம் என்கிறார். முற்றிப் பெரிதாகிவிட்டதைத் தொடவேண்டாம் என்கிறார். அதோடு, இந்நோயைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, குணப்படுத்தியவரைக் கண்டதுமில்லை என்று ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொள்கிறார். மயக்க மருந்தோ கதிர்வீச்சோ இல்லாத காலத்தில், தம் கையால் ஒருவரும் பிழைத்ததில்லை என்று சொன்ன அம்மனிதர்கூடத் தொடக்க நிலையையும் முற்றிய நிலையையும் வேறு பிரித்துக் காட்டத் தவறவில்லை. நம் திரைப்படங்களில் பெரும்பாலானவை இவ்வேறுபாட்டை இன்றுவரை அறியாதவை. அவற்றில் நோயின் பெயர் சொல்லப்படும். எந்த நிலை என்று எவரும் கேட்பதில்லை.

காசநோய் கழற்றிய ஆடை

தமிழ்த் திரையில் புற்றுநோய் முதலில் இப்படி வரவில்லை. ஏ. பீம்சிங் இயக்கத்தில் 1961இல் வெளிவந்த ‘பாலும் பழமும்’ படத்தை எடுத்துக்கொள்வோம். சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் புற்றுநோய்க்கு மருந்து காண ஆராய்ச்சி செய்யும் மருத்துவர். அவருடைய மனைவியான செவிலியைத் தாக்குவதோ காசநோய். தம்மைக் கவனிப்பதால் கணவரின் ஆராய்ச்சி தடைப்படுகிறதே என்று எண்ணி அவள் வீட்டை விட்டு நீங்குகிறாள். பின்னர் நலம்பெற்றுத் திரும்புகிறாள். இப்படத்தில் காசநோய் கண்ணீருக்குரியது. புற்றுநோய் அறிவுக்குரியது, ஆய்வுக்கூடத்தில் வைத்து வெல்லப்பட வேண்டிய எதிரி. முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது 1954இல். தம் சகோதரியை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்த மருத்துவமனை எழுப்பிய நம்பிக்கையின் சாயல் அக்காலப் படத்திலும் விழுந்திருக்கிறது என்று கருத இடமுண்டு.

அடுத்த ஆண்டு, 1962இல், ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ வந்தது. ஏறத்தாழ முழுக்கதையும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்கிறது. முத்துராமன் ஏற்ற பாத்திரம் புற்றுநோயாளி. மருத்துவரோ அந்நோயாளியின் மனைவியை முன்பு விரும்பியவர். தான் இறந்தால் அவரை மறுமணம் செய்துகொள்ளும்படி நோயாளி தன் மனைவியை வற்புறுத்துகிறான். மருத்துவர் அறுவை சிகிச்சை செய்கிறார். நோயாளி பிழைத்துவிடுகிறான். இரவுபகல் பாராமல் அவனுக்காக உழைத்த மருத்துவர் மாண்டுபோகிறார். இப்படமே அடுத்த ஆண்டு ‘தில் ஏக் மந்திர்’ என்று இந்தியில் எடுக்கப்பட்டது. அக்காவின் கேள்விக்குரிய விடை ஆறு பதிற்றாண்டுகளுக்கு முன்பே திரையில் இருந்திருக்கிறது. அது ஏன் எவர் நினைவிலும் தங்கவில்லை என்பதே ஆராயத்தக்கது.

காரணத்தை அறியக் காசநோயின் வரலாற்றைப் பார்க்கவேண்டும். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோநயசிடும் வந்தன. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ ஆய்வு மையம் அமைந்தது. நெரிசலான வீட்டில், எளிய உணவோடு, மருந்தை ஒழுங்காக உட்கொண்ட ஏழை நோயாளியும், நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமும் பெற்றுச் சானடோரியத்தில் கிடந்தவரும் ஒரேயளவு குணமடைகிறார்கள் என்று அம்மையம் 1959இல் உலகுக்கு எடுத்துக்காட்டியது. காசநோய் மருத்துவத்தின் போக்கையே உலகெங்கும் மாற்றிய முடிவு அது. மருந்துச் சீட்டால் தீரும் நோய், காவியக் காதலனைக் கொல்லப் பயன்படாது. கதாசிரியர்களுக்குத் தீராத நோய் ஒன்று தேவைப்பட்டது. காசநோய் கழற்றி வைத்த ஆடையை அவர்கள் எடுத்துப் புற்றுநோய்க்கு அணிவித்தார்கள். இருமல், கைக்குட்டையில் இரத்தம், நாளுக்கு நாள் மெலிந்து அழகாகும் முகம், காதலியிடம் மறைக்கப்படும் இரகசியம் ஆகிய அனைத்தும் பழைய நோயின் உடைமைகள். இரத்தப் புற்றானாலும் மூளைக் கட்டியானாலும் திரையில் இருமலே வருவதன் காரணம் இதுதான்.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக், தாமே மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றபின், 1978இல் நோயையும் உருவகத்தையும் பற்றி ஒரு நூல் எழுதினார். மேலை இலக்கியத்தில் காசநோய் மென்மையானவர்களின் நோயென்று போற்றப்பட்டதையும், புற்றுநோய் வெட்கத்துக்குரியதாக மறைக்கப்பட்டதையும் அவர் பிரித்துக் காட்டினார். தமிழ்த் திரையில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. நோய் போற்றவும் படுகிறது, மறைக்கவும் படுகிறது.

1982

இக்கலப்பு முழுமை பெற்ற ஆண்டு 1982 என்று கூறலாம். ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ என்னும் இரு வெற்றிப் படங்களும் அவ்வாண்டில் வந்தன. முன்னது, 1981இல் வெளியான ‘பிரேமாபிஷேகம்’ என்னும் தெலுங்குப் படத்தின் தமிழ் வடிவம். தெலுங்கில் நாயகனாக நடித்தவர் அக்கினேனி நாகேஸ்வர ராவ். 1953இல் ‘தேவதாஸ்’ ஆகிக் குடியால் நலிந்து காதலி வீட்டு வாசலில் உயிர்விட்டவரும் அவரேதான். பழைய நாயகனே புதிய நோயோடு திரும்பி வந்தார் என்று கொள்ளலாம்.

‘வாழ்வே மாயம்’ படத்தில் கமல்ஹாசன் ஏற்ற நாயகனுக்குப் புற்றுநோய் என்று தெரிகிறது. அவன் காதலியிடம் உண்மையைச் சொல்வதில்லை. தன்னை அவள் வெறுக்கவேண்டும் என்பதற்காக ஒழுக்கம் கெட்டவனைப்போல் நடிக்கிறான், அவள் வேறொருவரை மணக்கும் நிலையை உண்டாக்குகிறான், பின்பு இறக்கிறான். மற்றப் படத்தின் நாயகனான பாடகனும் நோயை மறைத்துக் காதலியைத் தன்னிடமிருந்து விலக்குகிறான்; அவனும் இறக்கிறான். ஓராண்டில் வந்த இரு படங்களும் ஒரே பாடத்தைத் தமிழகம் முழுவதும் கற்பித்தன. அப்பாடத்தை மூன்று விதிகளாகச் சுருக்கலாம். நோய் வந்தவர் அதைச் சொல்லக்கூடாது. அன்புடையவரை விட்டு அவர் விலகவேண்டும். அவர் பிழைக்கமாட்டார்.

அக்காவுக்கு அன்று இருபது வயதுக்குச் சற்றுக் கூடுதல். மணமான புதிதில் மச்சானுடன் சேலத்துக்கு வந்து பார்த்த படங்களில் இவையும் அடங்கும் என்று பின்னர் சொன்னார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தம் உடலில் கட்டியைத் தொட்டறிந்தபோது அவர் அம்மூன்று விதிகளில் முதலிரண்டையும் அப்படியே பின்பற்றியிருக்கிறார். எவரிடமும் சொல்லவில்லை. மகளின் திருமணத்தை விரைந்து முடிக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். மூன்றாவது விதிக்காகக் காத்திருந்தார். அதைத் தியாகம் என்றே அவர் நினைத்திருந்தார்.

ஃபிக்ஹு நூல்களில் மரண நோய்

நம் மத்ரசாக்களில் ஓதப்படும் ஃபிக்ஹு நூல்களில் ‘மரளுல் மவ்த்’, அதாவது மரண நோய், என்றொரு பகுதி உண்டு. மரண நோயில் இருப்பவர் செய்யும் நன்கொடை மரண சாசனம் போலவே கருதப்படும். சொத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேல் செல்லாது. வாரிசுகளின் உரிமையையும் கடன் கொடுத்தவரின் உரிமையையும் காப்பது இதன் நோக்கம். மாணவர்களுக்கு இப்பகுதியை நடத்தும்போது வெறும் சொத்துச் சட்டமாகவே பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அக்காவின் நோய்க்குப் பிறகுதான் அதற்குள் இருக்கும் நுட்பம் எனக்குப் புலப்பட்டது.

சட்ட அறிஞர்களின் கொள்கைப்படி, ஒரு நோயை மரண நோய் என்று உறுதியாகச் சொல்வது அந்நோயாளி இறந்த பிறகே கூடும். நோயின் கடுமையைக் கண்டு அஞ்சலாம், முன்னெச்சரிக்கை கொள்ளலாம். ஆனால் அவர் எழுந்துவிட்டால் அப்பெயர் தானாக நீங்கிவிடுகிறது. நோயில் கொடுத்த நன்கொடையும் நலமுள்ளவர் கொடுத்ததாக முழுமை பெறுகிறது. நீடித்த நோயானது கடுமை மிகாமல் ஓராண்டைத் தாண்டிவிட்டால் அந்நோயாளியை நலமுள்ளவரைப் போலவே கொள்ளவேண்டும் என்றும் ஹனஃபி சட்ட அறிஞர்கள் கூறினர். உஸ்மானிய அரசின் ‘மஜல்லா’ சட்டத்தொகுப்பும் இதையே விதித்தது. உயிரோடிருக்கும் ஒருவரின் கணக்கை முன்கூட்டியே முடிக்கும் உரிமையை நம் முன்னோர் எவருக்கும் வழங்கவில்லை. திரைப்படமோ மரணத் தீர்ப்பை இடைவேளைக்கு முன்பே எழுதிவிடுகிறது.

இச்சட்டத்தின் வேராக இருப்பது ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வரலாறு. புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியிருக்கும் அந்நிகழ்ச்சி வாசகர்கள் அறிந்ததே. எனினும் நோயாளியைச் சந்திக்கும் காட்சியாக அதை மீண்டும் பார்ப்போம். இறுதி ஹஜ்ஜின்போது ஸஅத் அவர்கள் மக்காவில் கடுமையாக நோயுற்றார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காணச் சென்றார்கள். தமக்கு வாரிசு ஒரு மகளே என்றும், செல்வம் முழுவதையும் தர்மம் செய்துவிட விரும்புவதாகவும் ஸஅத் கூறினார்கள். பெருமானார் அதை ஏற்கவில்லை. மூன்றிலொரு பங்குக்கு மட்டும் இசைந்து, அதுவும் மிகுதியே என்றார்கள். நோயாளியின் உடலில் தம் கையை வைத்து, அவருடைய நலத்துக்காக இறைஞ்சினார்கள். நீர் இன்னும் வாழக்கூடும், உம்மால் மக்கள் சிலர் பயனடையக்கூடும் என்னும் கருத்துப்படப் பேசினார்கள்.

ஸஅத் வாழ்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னர் மக்கள் பலர் பிறந்தனர். காதிஸிய்யா போரில் படைத்தலைமை ஏற்றதும் கூஃபா நகரை நிறுவியதும் அந்நோய்க்குப் பிறகே. மக்காவில் மரணத்தை எதிர்பார்த்துப் படுத்திருந்த நாளுக்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அவர்கள் உயிர் வாழ்ந்தார்கள்.

இச்சந்திப்பில் உண்மை மறைக்கப்படவில்லை. சொத்து, வாரிசு, மரணம் ஆகியவை வெளிப்படையாகப் பேசப்பட்டன. தொடுதலும் பிரார்த்தனையும் இருந்தன. நோயாளியின் தியாக வேகத்துக்கு எல்லை கட்டப்பட்டது. இவை அனைத்தோடும், அவர் வாழக்கூடும் என்ற வாசல் திறந்தே வைக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டின் நாயகர்களை இவ்வரலாற்றோடு ஒப்பிட்டால் அவர்களுடைய தியாகத்தின் குறை விளங்கும். அவர்கள் தம் வாழ்வை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. உண்மையை அறிந்து முடிவெடுக்கும் உரிமையைக் காதலியிடமிருந்தும் பறித்துக்கொண்டார்கள்.

சில நல்ல படங்கள்

நோயாளி இறப்பதாகக் காட்டும் படங்கள் எல்லாம் பிழையானவை என்பது என் வாதமன்று. 2022இல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய்க்கு உள்ளானவர்கள் ஏறத்தாழ 14 இலட்சம் பேர் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை கணித்தது. அவர்களுள் பலர் பிழைப்பதில்லை. சாவைக் காட்டுவதில் நேர்மை இருக்கமுடியும். இறப்பதற்கு முன் அம்மனிதர் வாழ்பவராகக் காட்டப்படுகிறாரா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரசோவாவின் ‘இகிரு’ 1952இல் வந்தது. வாழ்தல் என்பது அத்தலைப்பின் பொருள். வயிற்றுப் புற்றுநோயுற்ற ஓர் அலுவலகத் தலைவரிடம் மருத்துவர்கள் சாதாரணப் புண் என்று பொய் சொல்கிறார்கள். உண்மையை உணர்ந்த அவர், ஏழைக் குடியிருப்பின் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடல் அமைக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்து, அதை முடித்துவிட்டு இறக்கிறார். மலையாளத்தில் சிபி மலயில் 1993இல் இயக்கிய ‘ஆகாசதூது’ படத்தில், கணவனை இழந்து இரத்தப் புற்றுக்கும் ஆளான தாய் ஒருத்தி, தன் குழந்தைகளை வளர்க்க நல்ல குடும்பங்களைத் தானே தேடுகிறாள். பார்ப்பவரை அழவைப்பதில் அப்படத்துக்கு நிகர் குறைவு. ஆயினும் அத்தாய் தன் நோயை அறிந்து, அதை ஏற்று, கடமையை நிறைவேற்றுபவள். மரண சாசனத்தின் உட்பொருளும் அதுதான். கோழிக்கோட்டில் வலி தணிப்பு மருத்துவத்துக்கான சங்கம் தொடங்கப்பட்டதும் அதே 1993இல். குணப்படுத்த முடியாதவரையும் வலியின்றி வாழவைக்கலாம் என்பதைக் கேரளம் நாட்டுக்குக் காட்டியது. அத்தகைய மருத்துவத்தைத் தமிழ்ப் படத்தில் நான் கண்டதில்லை.

இந்தியில் ரிஷிகேஷ் முகர்ஜியின் ‘ஆனந்த்’ (1971) வேறொரு வகை. தன் நோயை அறிந்த நாயகன் சிரித்துக்கொண்டே அனைவரையும் மகிழ்விக்கிறான். உயர்ந்த படம்தான். ஆனால் அதைப் பின்பற்றியவர்கள் நோயாளிக்கு ஒரு புதிய சுமையை ஏற்றிவிட்டார்கள். வலியில் கிடப்பவர் பார்க்க வந்தவரைச் சிரிக்கவைக்கவும் வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அய்யூப் (அலை) அவர்கள் பொறுமையின் சிகரம் என்று திருமறை போற்றுகிறது. அவர்களும் தம் துன்பத்தைத் தம் இறைவனிடம் முறையிட்டவர்களே. முறையிடுதல் பொறுமைக்கு முரணானதன்று.

2004இல் வந்த ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ நம் கவனத்துக்குரியது. 2003ஆம் ஆண்டின் ‘முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.’ படத்தின் தமிழாக்கம் அது. வயிற்றுப் புற்றுநோயுற்ற ஜாகிர் என்னும் முஸ்லிம் இளைஞன் அதில் ஒரு பாத்திரம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நோயாளியாக நடித்த கமல்ஹாசன் இதில் மருத்துவ மாணவராக வருகிறார். நோயாளியின் கையைப் பிடித்துப் பேசுவதும் அணைத்துக்கொள்வதும் மருத்துவத்தில் சேர்ந்தவை என்று படம் வற்புறுத்துகிறது. நோயாளியை நலம் விசாரிப்பதை இறைவனையே சந்திப்பதற்கு ஒப்பாகச் சொல்லும் ஹதீஸை அறிந்த நமக்கு இது அயலான கருத்தன்று. ஆனால் ஜாகிரும் இறந்தே போகிறான். 2008இல் வந்த ‘வாரணம் ஆயிரம்’ படத்தின் தந்தைக்குத் தொண்டைப் புற்று. புகைப்பழக்கம் உடையவர் அவர். நோயைப் பற்றிய ஆர்ப்பாட்டமில்லாத சித்திரம் அது. அங்கும் முடிவு மாறவில்லை.

திரைக்கு வெளியில் நடந்தவை வேறு. நடிகை கௌதமி மார்பகப் புற்றிலிருந்து மீண்டு, அந்நோய் பற்றிய விழிப்புணர்வுப் பணியில் ஈடுபட்டார். மலையாள நடிகர் இன்னசென்ட் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டும் நடித்து, அவ்வனுபவத்தை நூலாகவும் எழுதினார், 2023இல் காலமானார். ‘பம்பாய்’ படத்தால் தமிழர் அறிந்த மனிஷா கொய்ராலா 2012இல் கருப்பைச் சினைப் புற்றுக்கு உள்ளாகி நலம்பெற்றார். 2018இல் வந்த ‘சஞ்சு’ படத்தில் அவருக்குக் கிடைத்த வேடம், 1981இல் கணையப் புற்றுநோயால் மறைந்த நடிகை நர்கிஸின் வேடம். நோயை வென்று வந்தவரையும் திரை மாண்டவராக நடிக்கவே அழைத்தது.

சின்னத்திரை

தொலைக்காட்சித் தொடர்களில் புற்றுநோய் பாத்திரங்களைக் கழிப்பதற்கான கருவி. மருத்துவ அறிக்கை மாறிப்போகும்; அல்லது பகையாளி அதைத் திருத்திவைப்பாள். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் தலையசைப்பார். குடும்பத்தினர் முகங்கள் ஒவ்வொன்றாகக் காட்டப்படும். இதில் ஒரு வியப்பு உண்டு. வேதிமருந்துச் சிகிச்சை பெரும்பாலும் மாதக்கணக்கில் நீள்வது. அதன்பின் கண்காணிப்பு ஆண்டுக்கணக்கில் தொடர்வது. இரண்டரை மணி நேரத் திரைப்படம் இதைக் காட்ட இடமில்லை என்று சொல்லலாம். மூன்றாண்டு ஓடும் தொடருக்கு அச்சாக்கு இல்லை. முடி உதிர்வதையும் மீண்டும் முளைப்பதையும், மருத்துவமனைக்குப் பேருந்தில் சென்று திரும்புவதையும், செலவுக்கு நகையை அடகு வைப்பதையும் நிதானமாகக் காட்டவல்ல கலைவடிவம் அதுவே. அது அவற்றைக் காட்டுவதில்லை.

மெய்யான நோயாளிகளைத் திரையில் காணும் இடம் ஒன்று உண்டு. புகைக்கும் காட்சியுள்ள படங்களின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பின்னும் எச்சரிக்கைப் படம் காட்டவேண்டும் என்ற விதி 2012 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. 2023இல் இணையவழித் திரைத் தளங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. புகையிலையின் தீமையை ஊரறியச் செய்த நல்ல முயற்சி அது. எனினும் நோயாளியை வேறெங்கும் காணாத பார்வையாளர் அதிலிருந்து, இந்நோய் குற்றத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பொதுவிதி வகுத்துக்கொள்கிறார். வாழ்நாளில் புகையிலையைத் தொட்டறியாத என் அக்காவிடம், என்ன பாவம் செய்தாயோ என்று கேட்டவர்கள் உண்டு. நோயைப் பிழைபொறுத்தலுக்குரிய வாயிலாக அறிவிக்கும் ஹதீஸ்களை ஓதிய வாய்களே அதைக் கேட்டன.

காலை வேளைகளில் அதே தொலைக்காட்சியில் அற்புத மூலிகை பேசப்படுகிறது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டம் தடைசெய்கிறது. அடையாற்றில் 12 படுக்கைகள் போடப்பட்ட அதே ஆண்டின் சட்டம். பேட்டி என்ற பெயரில் அச்சட்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள். இரவுத் தொடர் நோய் தீராது என்கிறது. காலைப் பேட்டி பொடியால் தீரும் என்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் மருத்துவமனை மறைந்துபோகிறது.

நம் வீட்டு நடப்பு

குறையைத் திரையின்மேல் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. அறுவை சிகிச்சை முடிந்து அக்கா மஞ்சக்குட்டைக்குத் திரும்பிய வாரத்தில் உறவினர் கூட்டம் கூட்டமாக மலையேறி வந்தனர். வாசலிலேயே அழுதனர். அருகில் அமர்ந்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்து ஹலாலாக்கிக் கொள்ளும்படி கேட்டனர். மனிதருக்கு மனிதர் பிழைபொறுக்கக் கேட்பது நன்மையே. ஆனால் படுத்திருப்பவரிடம் மட்டும், வரிசையாக வந்து கேட்பதன் பொருள் அவருக்கு விளங்காதா? நலம் வேண்டி இறைஞ்சும் துஆ நபிவழியில் இருக்க, நாம் திரைப்படத்தின் கடைசிக் காட்சியை நடித்துக்காட்டினோம். நானும் அவர்களுள் ஒருவனாக அன்று தலைகுனிந்து அமர்ந்திருந்தேன்.

பெண்ணின் உடல் பற்றிய நம் மௌனத்துக்கும் இதில் பங்கு உண்டு. மருத்துவத் தேவைக்காக உடலைக் காட்டலாம் என்பதில் ஃபிக்ஹு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அதை ஆண்களின் வழக்குகளுக்காகப் படித்தோமே தவிர, நம் வீட்டுப் பெண்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. நோயை இறக்கியவன் அதற்கு நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்னும் ஹதீஸின் கருத்தை மிம்பரில் பலமுறை கேட்டிருக்கிறோம். மார்பகக் கட்டிக்கும் அது பொருந்தும் என்று கேட்டதில்லை.

கட்டி அக்குள்வரை பரவியிருந்தது. ஏழு மாதங்களுக்கு முன்பே வந்திருந்தால் மருத்துவம் இத்தனை கடுமையாக இருந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். அறுவை, வேதிமருந்து, கதிர்வீச்சு மூன்றும் தேவைப்பட்டன. அவை முடிந்து ஏழாண்டுகளுக்கு மேலாகின்றன. அல்ஹம்துலில்லாஹ், அக்கா நலமாக இருக்கிறார். மகளின் திருமணம் அவசரமின்றி நடந்தது. பேரன் பள்ளிக்குச் செல்கிறான்.

சென்ற குளிர்காலத்தில் மஞ்சக்குட்டைக்குச் சென்றபோது, அவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதென்று கூறி, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் நோயாளி பிழைத்ததை நினைவூட்டினேன். முற்றத்தில் மிளகைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் படமா? அதுல டாக்டருதானே செத்துப்போவாரு" என்றார். பின்பு சற்று யோசித்து, "ஆமா, அந்தாளு பொழச்சுக்குவான். அவன் பொறகு என்னா ஆனான்னு காட்டவே இல்லையே, தம்பி" என்றார்.

பிழைத்தவர் பிறகு என்ன ஆனார் என்று காட்டும் ஒரு தமிழ்ப் படத்துக்காக நாம் காத்திருக்கிறோம். அது வரும்வரை, நோயுற்றவரைக் காணச் செல்லும் ஒவ்வொருவரும் ஸஅத் (ரலி) அவர்களின் வரலாற்றை ஒருமுறை ஓதிவிட்டுச் செல்வது நலம். அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் நலத்தை வழங்குவானாக.